ஆடல் பாடல் பகுதியும் மூன்று நாள் தடையும்

2024 நவம்பரில் ‘கங்குவா’ திரைப்படம் வெளியாயிற்று. முதற்காட்சி முடிந்து மக்கள் வெளிவருமுன்னரே அப்படத்தைப் பற்றிய கருத்துகள் இணையமெங்கும் பரவிவிட்டன. பெரும்பாலானவை சாதகமானவை அல்ல. சில நாள்களில் தமிழ்த் திரைப்பட நடப்புத் தயாரிப்பாளர்கள் சங்கம், திரையரங்க வளாகங்களில் யூடியூப்காரர்களை அனுமதிக்கலாகாது என்று அரங்க உரிமையாளர்களைக் கேட்டுக்கொண்டது. டிசம்பரில் அச்சங்கம் சென்னை உயர்நீதிமன்றத்தையே நாடியது. ஒரு படம் வெளியாகி முதல் மூன்று நாள்களுக்கு அதனை எவரும் விமர்சிக்கக்கூடாது என ஆணையிடுமாறு வேண்டியது. விமர்சனம் கருத்துரிமையின்பாற்பட்டது, பொதுவான தடையொன்றை விதித்தல் இயலாது என்று கூறி, கேட்ட இடைக்காலத் தடையை நீதிமன்றம் வழங்க மறுத்தது.

இச்செய்தியைக் கண்டபோது நம்முள் எழுந்த வினா சட்டத்தைப் பற்றியதன்று. நேற்று இரவு நடந்த ஆட்டத்தைப் பற்றி, இன்று காலை தன் கருத்தை அச்சில் ஏற்றும் வழக்கம் தமிழில் எப்போது தோன்றியது? நாம் எண்ணிப் பார்த்தவரை அதற்கு நூறாண்டுகூட நிறைந்திருக்காது. இவ்வளவு இளைய வழக்கம் இவ்வளவு விரைவில் சண்டைக்குரியதாக ஆனது எங்ஙனம் என்பதைச் சற்றே பின்னோக்கிப் பார்க்கலாம்.

தமிழாசிரியர்களாகிய நமக்கு இங்கே ஒரு சிறு மனக்குறை உண்டு. அரங்கக் கலையைப் பற்றிய நுட்பமான அறிவு நம் மரபில் குறைவாக இருந்ததில்லை. மேடை ஏழுகோல் அகலம், எண்கோல் நீளம், ஒருகோல் உயரம் என அளவு சொல்லும் அரங்கேற்று காதை நம்மிடம் இருக்கிறது. மெய்ப்பாட்டுக்கென ஓர் இயலே வகுத்த இலக்கணம் இருக்கிறது. அடியார்க்கு நல்லாரின் உரையைத் தொட்டால், இசையும் கூத்தும் பற்றிய மறைந்துபோன நூல்களின் பெயர்கள் வரிசையாக வந்து நிற்கின்றன. ஆனால் ‘இன்னார் இன்ன நாள் ஆடினார், இவ்விடத்தில் நன்றாக இருந்தது, இவ்விடத்தில் சலிப்பூட்டியது’ என்று எழுதிவைத்தவர் எவருமிலர். ஆடல் எப்படி இருத்தல் வேண்டும் என்று விதித்தோம்; இருந்த ஆடல் எப்படி இருந்தது என்று எழுதவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் நிலைமை பெரிதும் மாறவில்லை. பரிதிமாற் கலைஞர் 1897இல் ‘நாடகவியல்’ இயற்றினார். அதுவும் இலக்கணமே. அதே காலத்தில் ஊர் ஊராகக் கொட்டகை போட்டு நடந்துகொண்டிருந்த நாடகங்களைக் குறித்துக் கற்றறிந்தார் பலர் பேசவே கூசினர்.

விமர்சனம் இல்லை என்பதால் தீர்ப்பு இல்லை என்று பொருளன்று. சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) எழுதிய நாடகங்கள் நடந்த கொட்டகைகளில் தீர்ப்பு உடனுக்குடன் வழங்கப்பட்டது. பாட்டுப் பிடித்தால் ‘ஒன்ஸ்மோர்!’ என்ற குரல் எழும். வள்ளி வேடமிட்டவர் தினைப்புனத்தில் நின்றபடியே அதே பாட்டை மறுபடியும் பாடுவார், கதை காத்திருக்கும். ஊர்ப் பெரியவர் மேடையேறிப் பதக்கம் குத்துவார். பிடிக்காவிட்டால் என்ன நேரும் என்பதையும் நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. 1891இல் பம்மல் சம்பந்த முதலியார் சென்னையில் தோற்றுவித்த சுகுண விலாச சபையில் வழக்கறிஞர்களும் அதிகாரிகளும் வேடமிட்டனர். அங்கே கூச்சல் இல்லை, கைத்தட்டல் உண்டு. எதுவாயினும், தீர்ப்பு வழங்கியவர் அரங்கத்தினுள் இருந்தவர். அன்றிரவு அங்கு இல்லாதவருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை, தேவையும் இல்லை.

தேவை எப்போது உண்டாயிற்று? நம் கருத்தில், முன்பின் தெரியாதவர் முன்கூட்டியே காசு கொடுத்து இருக்கை வாங்கும் நிலை பரவலானபோது உண்டாயிற்று. கோயில் திருவிழாவிலோ, செல்வர் வீட்டுத் திருமணத்திலோ பாடும் வித்துவானுக்குக் கூலி கொடுப்பவர் ஒருவர், கேட்பவர் பலர். கொடுப்பவருக்குப் பாடகரைத் தெரியும். கேட்பவருக்கோ இழப்பதற்கு எதுவுமில்லை. 1928இல் சென்னையில் மியூசிக் அகாதெமி அமைந்தது. அதனை ஒட்டியும் பின்னும் சபாக்கள் பெருகின. சென்னை மாநகராட்சி 1930இல் வானொலி ஒலிபரப்பைத் தொடங்கியது. இசைத்தட்டு வீடுகளுக்குள் வந்தது. 1931 அக்டோபர் 31 அன்று சென்னை கினிமா சென்ட்ரல் அரங்கில் ‘காளிதாஸ்’ வெளியாகி, டி. பி. ராஜலட்சுமி திரையில் தமிழ் பேசினார் (கதாநாயகன் தெலுங்கில் பேசினார் என்பது வேறு கதை). ஏறத்தாழப் பத்தே ஆண்டுகளில் கச்சேரியும் நாடகமும் கூத்தும் சரக்குகளாக மாறி, வாங்குவோரைத் தேடத் தொடங்கின. வண்டியில் பறை முழக்கிச் சென்றவர்கள் தெருவெங்கும் நோட்டீஸ் வீசினர். நோட்டீஸில் எல்லாப் படமும் அற்புதம்தான். அஃது உண்மையா என்று சொல்ல ஒருவர் வேண்டியிருந்தது.

மௌனப்படக் காலத்தில் திரைக்கருகே ஒருவர் நின்று, எழுத்துப் பலகைகளைப் படித்துக் காட்டிக் கதையை விளக்குவது வழக்கம். படிக்கத் தெரியாத கூட்டத்துக்கு அவரே உரையாசிரியர். படம் பேசத் தொடங்கியதும் அவருக்கு வேலை போயிற்று. அவர் விட்ட இடத்தை வேறு வகையில் பத்திரிகை எடுத்துக்கொண்டது என்று சொன்னால் மிகையாகுமோ என்னவோ, நமக்கு அப்படித் தோன்றுகிறது.

எஸ். எஸ். வாசன் 1928இல் வாங்கி நடத்திய ஆனந்த விகடனில், முப்பதுகளில் ‘ஆடல் பாடல்’ என்றொரு பகுதி வரலாயிற்று. எழுதியவர் ‘கர்நாடகம்’. இப்புனைபெயருக்குள் இருந்தவர் கல்கி என்னும் ரா. கிருஷ்ணமூர்த்தி என்பது வாசகர் அறிந்ததே. பெயரிலேயே ஒரு சிரிப்பு இருக்கிறது. கர்நாடகம் என்றால் சங்கீதம். பேச்சுவழக்கில் ‘அவர் ஒரு கர்நாடகம்’ என்றால் காலத்துக்கு ஒவ்வாத பழம்பேர்வழி. நம்மை யாரேனும் பழமைவாதி என்று திட்டுவதற்கு முன் நாமே சொல்லிக்கொண்டுவிட்டால் வம்பில்லை என்று அவர் எண்ணியிருக்கலாம்.

இப்பகுதியின் சிறப்பு அதன் துணிச்சல் மட்டுமன்று. கச்சேரி, நாடகம், நடனம், பேசும்படம் ஆகிய எல்லாவற்றையும் ஒரே மனிதர், ஒரே பக்கத்தில், ஒரே வாசகரிடம் பேசினார். இராகத்தின் பெயர் தெரியாதவரும் படிக்கலாம்; தெரிந்தவரும் முகம் சுளிக்காமல் படிக்கலாம். சங்கீதத்தைப் பற்றி எழுதுவதென்றால் கலைச்சொற்களை அடுக்க வேண்டும் என்ற அச்சத்தைத் தமிழ் உரைநடையிலிருந்து பெருமளவு நீக்கியவர் அவர். பின்னாளில் ‘சங்கீத யோகம்’ என்னும் நூலில் தொகுக்கப்பட்ட கட்டுரைகளை இன்று எடுத்துப் படித்தாலும், எதிரே அமர்ந்து ஒருவர் பேசுவதுபோலவே இருக்கிறது. மேடையில் தமிழ்ப் பாட்டு வேண்டும் என்று அவர் வற்புறுத்தியதும், 1941இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை மையமாகக் கொண்டு எழுந்த தமிழிசை வாதத்தில் முன்னின்றதும், இந்த வாராந்தரப் பழக்கத்திலிருந்து கிளைத்தவையே. வாரந்தோறும் கேட்டு, வாரந்தோறும் எழுதியவருக்கு, கேட்போர் முகத்தில் எப்போது புரிதல் வருகிறது, எப்போது வெறும் மரியாதை வருகிறது என்பது தெரிந்திருந்தது.

அவர் பேனாவின் கூர்மைக்கு 1935இல் வெளியான ‘நந்தனார்’ படத்தைக் கூறலாம். கே. பி. சுந்தராம்பாள் ஆண்வேடமேற்று நந்தனாராக நடித்தார். மகாராஜபுரம் விசுவநாதையர் வேதியராக வந்தார். சுந்தராம்பாளுக்கு ஒரு லட்ச ரூபாய் ஊதியம் என்பது நாடெங்கும் பேச்சாக இருந்தது. பவுன் விலையை வைத்துக் கணக்கிட்டால் அத்தொகை இன்றைய எந்தக் கதாநாயகரையும் திரும்பிப் பார்க்க வைக்கும். அத்துணை விளம்பரத்துடன் வந்த படத்தைப் பற்றிக் கல்கி எழுதியதைத் திரைவரலாற்றாசிரியர்கள் இன்றும் நினைவுகூர்கின்றனர்: படத்தில் நன்றாக நடித்திருப்பவை பனைமரமும் எருமையும் ஆடுமே என்பது அவருடைய தீர்ப்பு. மூன்று நாள் பொறுத்துச் சொல்லுங்கள் என்று அவரிடம் யாரும் கேட்டிருந்தால் என்ன எழுதியிருப்பார் என்று எண்ணிச் சிரிக்கத் தோன்றுகிறது. எனினும் இங்கே நாம் நின்று கவனிக்க வேண்டியது வேறொன்று. இந்தக் கேலி சுந்தராம்பாளின் குரலைத் தொடவில்லை. அக்குரலை வாங்கிவந்து காமிராவின் முன் நிறுத்திவிட்டால் படமாகிவிடும் என்று நம்பியவர்களைத் தொட்டது. கேலிக்குப் பின்னே ஒரு வாதம் இருந்தது. நாடகத்தை அப்படியே படம்பிடித்தல் திரைப்படம் ஆகாது என்னும் வாதம் அது. வெறும் கேலியாக இருந்திருப்பின் தொண்ணூறு ஆண்டுகள் தாங்கியிராது.

இதனால் ‘கர்நாடகம்’ ஒரு கறைபடாத துறவி என்று நாம் நிறுவ வரவில்லை. விகடனின் அதிபரே சினிமாவுக்குள் காலூன்றிக்கொண்டிருந்தார். வாசன் எழுதிய ‘சதி லீலாவதி’ 1936இல் எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கத்தில் படமாயிற்று, எம்.ஜி.ஆர். முதன்முதலில் திரையில் தோன்றியது அதில்தான். கல்கியின் ‘தியாக பூமி’ விகடனில் தொடராக வந்துகொண்டிருந்தபோதே கே. சுப்ரமணியம் அதனைப் படமாக எடுத்தார். ஓவியத்துக்குப் பதில் படத்தின் புகைப்படங்களே தொடரோடு அச்சாயின. 1939இல் படம் வெளிவந்து, பின்னர் அரசின் தடைக்கும் உள்ளாயிற்று. அதாவது விமர்சகர் எழுத, விமர்சகரின் பத்திரிகை விளம்பரப்படுத்த, படம் ஓடியது! 1941இல் கல்கி விகடனை விட்டு நீங்கிச் சதாசிவத்துடன் ‘கல்கி’ இதழைத் தொடங்கியபோது, அதற்கான மூலதனம் எம். எஸ். சுப்புலட்சுமி ‘சாவித்திரி’ படத்தில் நாரதராக நடித்துப் பெற்ற ஊதியத்திலிருந்து வந்தது. 1945இல் ‘மீரா’ படத்துக்குக் கல்கியே பாட்டு எழுதினார். இனி அவர் எம்.எஸ்ஸின் கச்சேரியைப் பற்றி எழுதினால் அதனை எவ்வளவு தூரம் நம்புவது என்று அன்றைய வாசகரில் சிலரேனும் வினவியிருப்பர். வினவியிருக்க வேண்டும்.

இருந்தும் அந்த எழுத்து நிற்கிறது. ஏன்? நமக்குத் தோன்றும் விடை இது. அவர் அடுத்த வாரமும் அதே வாசகர் முன் வந்தாக வேண்டியிருந்தது. கச்சேரி கேட்ட வேறு பத்துப் பேர் அதே ஊரில் இருந்தனர். அவருடைய நட்பும் உறவும் ஊரறிந்தவை. மறைத்து எழுத வழியில்லை. அவர் கருத்துகளை மறுத்தவர்களும் இருந்தனர். பாரதியை மகாகவி என்பது தகுமா என்னும் விவாதத்தில் கல்கி எடுத்த நிலைக்கு எதிராக கு. ப. ராஜகோபாலனும் சிட்டியும் ‘கண்ணன் என் கவி’ என்று ஒரு நூலே எழுதிவிட்டனர். கருத்துக்குக் கருத்து என்ற அந்த ஒழுங்கு, பத்திரிகையுலகம் சிறியதாக இருந்ததால் கிடைத்த பேறு.

நாற்பதுகளில் இன்னொரு முகம் தலைகாட்டிற்று. சி. என். லட்சுமிகாந்தன் 1943இல் ‘சினிமா தூது’ என்னும் வார இதழை நடத்தினார். படங்களைப் பற்றியதன்று அது. படத்தில் நடிப்போரின் படுக்கையறை பற்றியது. எழுதாமல் இருக்கப் பணம் கொடுத்தவர்களும் இருந்தனர் என்று கூறப்பட்டது. மனம் நொந்த எம். கே. தியாகராஜ பாகவதர், என். எஸ். கிருஷ்ணன், ஸ்ரீராமுலு நாயுடு ஆகியோர் ஆளுநர் ஆர்தர் ஹோப்பிடம் முறையிட்டனர். இதழின் உரிமம் இரத்தாயிற்று. முடிந்ததா என்றால், இல்லை. ‘இந்துநேசன்’ என்ற மற்றொரு இதழைக் கைப்பற்றி, முன்னினும் மோசமாக எழுதத் தலைப்பட்டார் லட்சுமிகாந்தன். இப்போது நடிகர்கள் மட்டுமன்றிப் பிற பெரும்புள்ளிகளும் அதில் அடிபட்டனர்.

1944 நவம்பர் 8 அன்று வேப்பேரியில் அவர் கத்தியால் குத்தப்பட்டார், மறுநாள் இறந்தார். டிசம்பரில் பாகவதரும் கிருஷ்ணனும் கைது செய்யப்பட்டனர். அப்போதுதான் அக்டோபரில் வெளியான ‘ஹரிதாஸ்’ சென்னை பிராட்வே அரங்கில் ஓடிக்கொண்டிருந்தது. மூன்று தீபாவளிகளைக் கண்ட படம் அது. பாகவதர் சிறையில், பாகவதரின் பாட்டு அரங்கில்! 1945இல் இருவருக்கும் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. லண்டன் பிரிவி கவுன்சில் தலையிட்டபின், 1947 ஏப்ரலில் விடுதலையாயினர். கிருஷ்ணன் மீண்டு வந்தார். பாகவதரின் சந்தை மீளவில்லை. லட்சுமிகாந்தனைக் கொன்றவர் யார் என்பது இன்றளவும் துலங்கவில்லை.

இவ்வழக்கை வழக்கமாக ஓர் உச்ச நட்சத்திரத்தின் வீழ்ச்சிக் கதையாகவே எழுதுகிறோம். பத்திரிகை வரலாறாகவும் அதனைப் படிக்கலாம் என்பது நம் எண்ணம். நடிகர்களின் புண்பட்ட நெஞ்சத்தை நாம் குறைத்து மதிப்பிடவில்லை; மான நட்ட வழக்கென்று ஒன்று உண்டு, அதனைத் தொடுத்திருக்கலாம். நேரே உரிமத்தை வெட்டும் வழியை நாடியதால் என்ன விளைந்தது? அவதூறு நிற்கவில்லை, பெயர் மாற்றிக்கொண்டு வந்தது. அத்துடன், திரைப்படத்தைப் பற்றி எழுதுதல் என்றாலே இப்படித்தான் என்னும் அழுக்கும் அத்தொழிலின் மேல் படிந்தது. இதன்பின் மதிப்புக்குரிய எழுத்தாளர்கள் அப்பக்கம் திரும்பக் கூசியதில் வியப்பில்லை. திரும்பியவர்களும் விமர்சிக்கப் போகவில்லை, வசனம் எழுதப் போனார்கள். புதுமைப்பித்தன் பாகவதரின் ‘ராஜமுக்தி’க்காகப் புனே சென்று, நோயோடு திரும்பி 1948இல் மறைந்தார்.

அடுத்துவந்த பத்தாண்டுகளை விரைந்து கடந்துவிடலாம். ‘பேசும் படம்’, ‘குண்டூசி’ போன்ற சினிமா இதழ்கள் வளர்ந்தன. புகைப்படங்கள் அழகாக இருக்கும். கேள்வி-பதில் சுவையாக இருக்கும். விமர்சனம் விளம்பரம் கொடுத்தவரின் மனம் கோணாதபடி இருக்கும். ‘எழுத்து’ முதலிய சிற்றிதழ்களோ இலக்கியத்துக்கு அப்பால் எட்டிப் பார்ப்பதே அரிது. இவ்வாறு கச்சேரிக்குத் தனி விமர்சகர், படத்துக்குத் தனி விமர்சகர், நாடகத்துக்கு ஒருவருமில்லை என ‘கர்நாடகம்’ ஒன்றாக வைத்திருந்த பக்கம் துண்டு துண்டாயிற்று. கா. சிவத்தம்பி குறிப்பிட்டதுபோல, தமிழர் அனைவரும் சாதி வேறுபாடின்றி ஒரே கூரையின்கீழ் அமர்ந்த முதல் கலையரங்கம் திரையரங்கமே. அத்தகைய ஒன்றைப் பற்றிப் பொறுப்போடு எழுத நம் புலமையுலகம் நெடுங்காலம் ஆள் அனுப்பவில்லை. பல்கலைக்கழகத் தமிழ்த் துறைகளும் இதில் விலக்கல்ல. நாமும் அங்குதான் படித்தோம். வனத்துறையோ அஞ்சல்துறையோ பார்த்த மனிதர்கள் அப்பணியைச் செய்ய நேர்ந்தது. தியடோர் பாஸ்கரன் அஞ்சல்துறை அதிகாரி என்பதை வாசகர் மறந்திருக்கமாட்டார்கள்.

1977இல் ‘16 வயதினிலே’ படத்துக்கு விகடன் 62.5 மதிப்பெண் வழங்கிற்று. அந்த அரை மதிப்பெண்ணைப் பற்றி இன்றும் பேசுவோர் உண்டு. மதிப்பெண் இடுதல் ஆசிரியத் தொழிலில் இருக்கும் நமக்குக் கவர்ச்சியான ஏற்பாடுதான். ஆனால் விடைத்தாளில் எண்ணை மட்டும் பார்த்துவிட்டு மூடிவைக்கும் மாணவரையும் நாம் அறிவோம். எண் வந்ததும் காரணத்தைப் படிப்பவர் குறைந்தனர். 1993இல் சன் தொலைக்காட்சி வந்தபின் படங்கள் முதலிடம், இரண்டாமிடம் என வரிசையில் நிற்கத் தொடங்கின. இன்றைய நட்சத்திரக் குறியீடுகள் அதன் பேரப்பிள்ளைகள்.

இப்போது இணையத்தில் விமர்சிப்போரைப் பற்றி நம் கருத்தென்ன என்று கேட்டால், மயங்காமல் சொல்வோம்: அவர்களுட் பெரும்பாலோரின் பேச்சை நம்மால் ஐந்து நிமிடத்துக்கு மேல் கேட்க முடிவதில்லை. ஏளனம் இருக்கிறது, பனைமரம் இல்லை. ஒருவர் சொன்னதையே அடுத்தவர் சொல்கிறார். நடிகையின் உடலைப் பற்றிப் பேசுவதைத் துணிச்சல் என்று எண்ணிக்கொள்கிறார். பணம் பெற்றுக்கொண்டு புகழ்வோர் இருக்கிறார்கள் என்னும் குற்றச்சாட்டும் புதிதன்று. ஆயினும் நம் வகுப்பு மாணவர்களில் சிலர், கைபேசியில் கேட்ட விமர்சனத்தின் வழியாகத்தான் ஒளிப்பதிவு என்றும் திரைக்கதையின் இரண்டாம் பகுதி என்றும் பேசக் கற்றிருக்கிறார்கள். அதனை மறைப்பது நேர்மையாகாது. கல்கியைப் போலவே இவர்களிலும் எல்லை தாண்டியவர் உண்டு. இணைய விமர்சனத்தால் பெயர்பெற்ற ‘புளூ சட்டை’ மாறன் 2021இல் ‘ஆன்டி இண்டியன்’ என்ற படத்தை இயக்கினார். அவருடைய படத்தையும் மற்றவர்கள் முதல் நாளே விமர்சித்தார்கள்.

தயாரிப்பாளர்களின் கவலையையும் நாம் எளிதில் தள்ளிவிடவில்லை. ‘ஹரிதாஸ்’ காலத்தில் ஒரு படத்துக்குச் சில பிரதிகளே இருந்தன. பட்டணத்தில் ஓடி, பெயர் பெற்று, பின் சிற்றூருக்கு நகரும். முதல் வாரம் சோர்ந்தாலும் மூன்றாம் வாரம் எழுந்து நிற்க வழியிருந்தது. நூறு நாள், வெள்ளிவிழா என்பனவெல்லாம் அந்தப் பொறுமையின் அளவைகள். இன்று ஒரே நாளில் நூற்றுக்கணக்கான அரங்குகளில் படம் இறங்குகிறது. நான்கு வாரங்களில் பல படங்கள் இணையத்திரைக்கு வந்துவிடுகின்றன. போட்ட பணத்தின் பெரும்பகுதியை முதல் வெள்ளி, சனி, ஞாயிறுக்குள் எடுத்தாக வேண்டும். மூன்று நாள் என்னும் எண் எங்கிருந்து வந்தது என்பது இப்போது விளங்கும். அது ரசனையின் கணக்கன்று, வசூலின் கணக்கு. தரை டிக்கெட்டுக்குக் காசு சேர்த்துவந்த பார்வையாளரின் வழித்தோன்றல், அந்த மூன்று நாளும் தகவல் ஏதுமின்றி வந்து அமர வேண்டும் என்பதே அதன் பொருள்.

இத்தனைக்கும் படம் வெளியாகுமுன் ஓர் இசை வெளியீட்டு விழா நடக்கிறது. அதற்கும் நுழைவுச்சீட்டு விற்கப்படுவதுண்டு. இயக்குநரும் நடிகரும் வந்திருந்த விருந்தினரும் மேடையேறி, தாம் இதுவரை காணாத காவியம் இது என்று மாறி மாறி உரைக்கிறார்கள். தொலைக்காட்சி அதனைப் பண்டிகை நாளில் மணிக்கணக்கில் ஒளிபரப்புகிறது. படத்தை முழுதாகப் பார்த்திராதவர்களும் அங்கே கருத்துச் சொல்கிறார்கள். அக்கருத்துகளையும் மூன்று நாள் நிறுத்திவைக்கக் கோரி எவரும் மனுச் செய்ததாகத் தெரியவில்லை.